தசைக்குள் ஒரு குடித்தனம்!

ஜிம்முக்குப் போற ஆளா நீங்க? அப்ப ஒரு வேலை பண்ணுங்க. வலது கையை மடக்கி, இடது கையால அந்த பைசெப்ஸை அழுத்திப் பாருங்க. ஜிம் பக்கமே போகாத ஆளா இருந்தாலும் பரவாயில்லை, அதே இடத்துல பேருக்கு ஏதாவது இருக்கும், அழுத்துங்க. ஒரே சீரா, மெத்துனு இருக்கா? சந்தோஷம். அதுக்குள்ள பட்டாணி சைஸ்ல, உருளுற மாதிரி, தொட்டா லேசா வலிக்கிற மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா... ப்ளீஸ், உடனே கூகுளைத் திறக்காதீங்க. ராத்திரி பூரா தேடிட்டு, தூக்கமில்லாத கண்ணோட காலையில எங்க டிபார்ட்மென்ட் வாசல்ல வந்து நிக்கறவங்களை நான் வாரா வாரம் பார்க்கறேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில பேத்தாலஜி மேற்படிப்பு படிக்கறேன். "எம்.டி-யா! என்ன ஸ்பெஷலிஸ்ட்?"னு சொந்தக்காரங்க ஆவலா கேட்பாங்க. பேத்தாலஜின்னதும் முகம் அப்படியே இறங்கிடும். "ஓ... லேபா? சுகர் டெஸ்ட் எல்லாம் எடுப்பியா?" எங்க பெரியப்பா இன்னிக்கு வரைக்கும் கல்யாண வீடுகள்ல என்னை 'லேப் டாக்டர்'னுதான் அறிமுகப்படுத்தறார். போகட்டும். ஆபரேஷன் தியேட்டர்ல வெட்டி எடுக்கற சதை எல்லாம் கடைசியில எங்ககிட்டதான் வரும். அது என்னன்னு மைக்ரோஸ்கோப்ல பார்த்து எழுதித் தர்றது எங்க வேலை. அப்படி வர்றதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, அபூர்வமா மட்டுமே சிக்கற ஒரு கோஷ்டியைப் பத்திதான் இந்தக் கட்டுரை. நம்ம தசைக்குள்ள வாடகை இல்லாம குடித்தனம் நடத்துற ஒட்டுண்ணிகள்!

வயித்துல பூச்சி இருக்கும்னு நமக்குத் தெரியும். சின்ன வயசுல பாட்டி வேப்பங்கொழுந்து அரைச்சு ஊத்தினது ஞாபகம் இருக்கும். ஸ்கூல்ல வரிசையா நிக்கவெச்சு, சப்பிச் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை குடுத்தது ஞாபகம் இருக்கும். ஆனா கைத்தசையில, தொடையில, நாக்குல, கண்ணை உருட்டுற குட்டித் தசையிலகூட ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும்னு சொன்னா, மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸே முதல் தடவை முகத்தைச் சுளிப்பாங்க.

இதை முதன்முதல்ல ஒழுங்கா பார்த்தவர் யார் தெரியுமா? ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன்!

1835-ம் வருஷம், பிப்ரவரி 2. லண்டன், செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரி. ஜேம்ஸ் பேஜட்னு ஒரு மாணவர், வயசு 21. காலேஜ்ல சேர்ந்து சில மாசம்தான் ஆகுது. டிஸெக்‌ஷன் ஹால்ல காசநோயில இறந்துபோன ஒரு இத்தாலியரோட உடல். அந்த உடம்போட தசை முழுக்க யாரோ பொடி மணலைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கத்தி வெச்சா நறநறங்குது. இது அங்கே புதுசும் இல்லை. அதுக்கு முன்னாடியே வேற உடல்கள்ல பார்த்திருக்காங்க. எலும்புத் துணுக்கு ஏதோ சதையில படிஞ்சிருக்குன்னு முடிவு பண்ணிட்டு, 'சே, கத்தி மழுங்குதே'ன்னு சலிச்சுக்கிட்டு வேலையைப் பார்த்தாங்க. வாத்தியார்கள் உட்பட!

பேஜட் மட்டும் ஒரு துண்டை எடுத்து லென்ஸ் வெச்சுப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூடு. கூட்டுக்குள்ள என்னவோ சுருண்டு கிடக்கு. இன்னும் கிட்டத்துல பார்க்க நல்ல மைக்ரோஸ்கோப் வேணும். கையில இல்லை. விட்டாரா? சதைத் துண்டை எடுத்துக்கிட்டு நேரா பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனார். அங்கே தாவரவியல் பிரிவுல இருந்தவர் ராபர்ட் பிரவுன். ஆமா, ப்ளஸ் டூவுல நம்ம உயிரை வாங்கின 'பிரௌனியன் இயக்கம்' பிரவுன் அவரேதான்! அவரோட மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்தா... ஒரு மில்லிமீட்டர் நீளத்துல, வாட்ச் ஸ்பிரிங் மாதிரி சுருண்ட குட்டிப் புழு.

பிப்ரவரி 6-ம் தேதி பேஜட் தன்னோட மாணவர் சங்கத்துல இதைக் கட்டுரையா வாசிச்சார். இதுக்கு நடுவுல அதே சதையில ஒரு துண்டு ரிச்சர்ட் ஓவன்ங்கற பெரிய விலங்கியல் அறிஞர்கிட்ட போயிருந்தது. அவர் பிப்ரவரி 24-ம் தேதி லண்டன் விலங்கியல் சங்கத்துல படிச்சு, புழுவுக்குப் பேரும் வெச்சுட்டார். இன்னிக்கு நாம ட்ரிக்கினெல்லான்னு சொல்ற புழு அது. பேரும் புகழும் ரொம்ப நாளைக்கு ஓவனுக்கு! ஜூனியரோட உழைப்புல சீனியர் பேர் வாங்கற கதை இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லை, பாஸ். ஓவனுக்கு அது தேவையே இல்லைங்கறதுதான் எனக்கு எரிச்சல். ஏழு வருஷம் கழிச்சு 'டைனோசார்'ங்கற வார்த்தையையே உருவாக்கின மனுஷன் அவர். பேஜட்டும் சும்மா இருக்கலை. பின்னாடி விக்டோரியா ராணிக்கே சர்ஜன் ஆனார். அவர் பேர்ல எலும்பு நோயே இருக்கு. ஆனா அந்தப் புள்ளிகளைப் பத்தி வயசான காலத்துல நினைச்சுப் பார்க்கும்போது, அங்கே எல்லார் கண்ணுலயும்தான் அது பட்டது, உத்துப் பார்த்தது நான் ஒருத்தன்தான்ங்கற அர்த்தத்துல சொல்லியிருக்கார்.

சரி, புழு இருக்கு. அதனால என்ன கெடுதல்? அந்த இத்தாலியர் செத்தது காசநோயில. அதனால கால் நூற்றாண்டுக்கு இந்தப் புழுவை ஒரு வேடிக்கைப் பொருளாத்தான் பார்த்தாங்க. 1860 ஜனவரியில ஜெர்மனியில, ட்ரெஸ்டன் நகர ஆஸ்பத்திரியில, இருபது வயசு வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி காய்ச்சலும் தாங்க முடியாத உடம்பு வலியுமா வந்து சேர்ந்தா. டைபாய்டுன்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்க. இறந்துட்டா. ஃப்ரீட்ரிஷ் ஸெங்கர்ங்கற பேத்தாலஜிஸ்ட் (எங்க ஆளு!) அந்தத் தசையை மைக்ரோஸ்கோப்ல வெச்சார். கொத்துக் கொத்தா புழுக்குஞ்சுகள். குடலைப் பார்த்தார். அங்கே வளர்ந்த புழுக்கள்.

இதோட அவர் ரிப்போர்ட் எழுதிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகலை. அந்தப் பொண்ணு வேலை பார்த்த பண்ணை வீட்டை விசாரிச்சார். பண்டிகை சமயத்துல அங்கே ஒரு பன்றியை அடிச்சிருக்காங்க. வீட்டு ஆளுங்களுக்கும், பன்றியை அறுத்த கசாப்புக்காரருக்கும் உடம்பு சரியில்லாமப் போயிருக்கு. மிச்சம் இருந்த உப்புக்கண்டத்தை வாங்கி மைக்ரோஸ்கோப்ல வெச்சா, அதே புழு! சரியா வேகாத கறி, அதுலேர்ந்து குடல், குடல்ல பிறக்கற குஞ்சுகள் ரத்தம் வழியா தசைக்குன்னு மொத்த ரூட்டும் ஒரே பொண்ணோட சாவுல தெரிஞ்சுபோச்சு. ஐரோப்பாவுல பன்றிக்கறியை மைக்ரோஸ்கோப்ல சோதிச்சுத்தான் விக்கணும்னு சட்டங்கள் வந்ததுக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

'நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது?'ன்னு நினைக்காதீங்க. 2009-ல உத்தரகாண்ட் மாநிலம் தெஹ்ரி கர்வால் மாவட்டத்துல ஒரு கிராமமே காட்டுப்பன்றிக் கறி சாப்பிட்டு இதே புழுவால படுத்திருக்கு. உயிர்ச்சேதமும் ஆச்சு.

இப்ப நீங்க கேட்கலாம், "உடம்பு வலின்னு போனா டாக்டர் இதைக் கண்டுபிடிச்சுட மாட்டாரா?" அங்கேதான் சிக்கலே. உடம்பு வலி யாருக்குத்தான் இல்லை? டெங்குன்னா உடம்பு வலி. சிக்குன்குனியான்னா கேட்கவே வேணாம். வைரல் ஃபீவர், டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஏன், கிரிக்கெட் மேட்ச்சுக்கு மறுநாள்கூட உடம்பு வலிதான். இத்தனை வலிக்கு நடுவுல இந்த அபூர்வப் பார்ட்டி ஒளிஞ்சுக்குது.

ஆனா சில தடயங்களை விட்டுட்டுத்தான் போகும். ரத்தத்துல ஈஸ்னோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 500-க்குள்ள இருக்க வேண்டியது, ஒட்டுண்ணி திசுவுக்குள்ள புகுந்துட்டா ஆயிரக்கணக்குல எகிறும். நம்ம ஊர்ல 'ஈஸ்னோபீலியா'ன்னாலே இருமல், தும்மல்னு மட்டும் பேசிட்டு விட்டுடறோம். ரெண்டாவது தடயம் சி.பி.கே. தசை உடைஞ்சா ரத்தத்துல கசியற என்சைம் அது. இது ரெண்டும் சேர்ந்து ஏறியிருந்து, கண் இமையும் வீங்கியிருந்தா, நல்ல டாக்டருக்கு உள்ளுக்குள்ள மணி அடிக்கும். ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு. ஆனா அது பாசிட்டிவ் ஆகவே சில வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்துலயே டெஸ்ட் எடுத்து 'நெகட்டிவ்'னு நிம்மதியாகிட்டா போச்சு.

கடைசியில மிச்சம் இருக்கறது பயாப்சி. தோள்லயோ கெண்டைக்கால்லயோ மரத்துப்போக ஊசி போட்டு, தசையில சின்னதா ஒரு துண்டு வெட்டி எங்களுக்கு அனுப்புவாங்க. அதை ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல நசுக்கியும் பார்க்கலாம். வயித்துல ஜீரணம் நடக்கற மாதிரியே பெப்சினும் அமிலமும் ஊத்திச் சதையைக் கரைச்சும் பார்க்கலாம். சதை கரைஞ்சுடும், புழு கரையாம அடியில நிக்கும். வழக்கமான முறைன்னா ஃபார்மலின்ல ஊறவெச்சு, மெழுகுல பதிச்சு, ஒரு மில்லிமீட்டர்ல இருநூத்துல ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சிவப்பும் நீலமுமா சாயம் ஏத்திப் பார்க்கறது. இதுல இருக்கற பேஜாரைக் கேளுங்க. ஐம்பது பேர் இருக்கற பஸ்ல நாலு பிக்பாக்கெட். நீங்க ஒரே ஒரு சீட்டை மட்டும் செக் பண்றீங்க. அந்த சீட்ல இருக்கறவர் யோக்கியர். அதனால பஸ்ஸே யோக்கியம்னு எழுதிட முடியுமா? ஒரு சீவல்ல இல்லைன்னா அடுத்தது, அதுக்கும் அடுத்ததுன்னு துண்டு தீர்ற வரைக்கும் சீவிப் பார்க்கணும்.

இப்ப எனக்கு நேர்ந்த ஒரு விஷயம். எங்க டிபார்ட்மென்ட்ல நோயாளிகளை நேருக்கு நேரா பார்க்கற ஒரே இடம் எஃப்.என்.ஏ.சி. ரூம். கட்டிக்குள்ள மெல்லிசான ஊசியை விட்டு, உறிஞ்சி, ஸ்லைடுல தேய்ச்சுப் பார்க்கறது. அங்கே ஒரு நாள் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கற பொண்ணு அம்மாவோட வந்தா. இடது மேல் கையில ஒண்ணரை சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. ரெண்டு மாசமா இருக்கு. ஒரு தனியார் கிளினிக் குடுத்த சீட்டுல 'சாஃப்ட் டிஷ்யூ ட்யூமர்'னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை வீட்டுல யாரும் படிக்கறது இல்லை. ட்யூமர்ங்கற வார்த்தையோட வீடே இடிஞ்சுபோயிடும். அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டு, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சுட்டுத்தான் வந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு செமஸ்டர் ஃபீஸ் கட்டலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருந்தாளாம். "கட்டிட்டு, அப்புறம் படிக்க முடியலைன்னா காசு வேஸ்ட்தானே டாக்டர்?"

ஊசியை உள்ளே விட்டேன். கட்டின்னா சாதாரணமா கெட்டியா, ரத்தம் கலந்து ஏதாவது வரும். இதுல வந்தது ரெண்டு சொட்டு தெளிஞ்ச தண்ணி. எங்க புரொஃபசர் ஸ்லைடைப் பார்த்துட்டு வாயைத் திறக்கலை, மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். ஆரஞ்சுப் பொடி தூவின மாதிரி ஈஸ்னோஃபில் கூட்டம். நடுவுல, அலை அலையா மடிப்பு விழுந்த ஒரு சவ்வுத் துண்டு. மனுஷத் திசு அப்படி இருக்காது. அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பினோம். தசைக்குள்ள நீர் நிறைஞ்ச சின்னப் பை, அதுக்குள்ள ஓரமா ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் தலை. நாடாப்புழுவோட குட்டிப் பருவம், சிஸ்டிசெர்கஸ்!

கேன்சர் இல்லைன்னதும் அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. வந்த வேகத்துல கோபமும் வந்துச்சு. "பன்னிக்கறியில வர்ற புழுவா? நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம் டாக்டரம்மா!"

இந்த இடம் முக்கியம், கொஞ்சம் கவனிங்க. ஹாஸ்டல் மெஸ்ல சாப்பிடற எல்லாருக்கும் இது பொருந்தும். சரியா வேகாத பன்றிக்கறியைத் தின்னா வர்றது குடல்ல நாடாப்புழு. அப்படிக் குடல்ல புழு இருக்கற ஒரு மனுஷனோட மலத்துல முட்டை வெளியே வரும். அந்த முட்டை தண்ணி வழியாவோ, கழுவாத காய்கறி வழியாவோ, கழுவாத கை வழியாவோ இன்னொருத்தர் வாய்க்குள்ள போனாத்தான் தசையில இந்தப் பை உருவாகும். அதாவது இது கறி சாப்பிட்டு வர்றதே இல்லை! பச்சைக் கொத்தமல்லி, வெள்ளரி, வெங்காயப் பச்சடி போதும். 1992-ல அமெரிக்க டாக்டர்கள் நியூயார்க்ல பன்றிக்கறி பக்கமே போகாத யூதக் குடும்பங்கள்ல இதே நோய் மூளையில வந்ததைப் பதிவு பண்ணியிருக்காங்க. வீட்டு வேலைக்கு இருந்தவங்க வழியா முட்டை வந்திருக்கணும்னு கணிச்சாங்க. அதனால 'நான் ப்யூர் வெஜ்'ங்கறது இந்தப் புழுகிட்ட செல்லாது.

அடுத்து புரொஃபசர் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பை தசையோட நிக்காது, மூளைக்கும் கண்ணுக்கும் போகும். மருந்து கொடுத்துப் புழு சாகும்போது அந்த இடம் வீங்கும். கையில வீங்கினா பரவாயில்லை, மூளையில வீங்கினா ஆபத்து. அதனால மாத்திரைக்கு முன்னாடி கேட்டே ஆகணும். "எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்." அம்மாவோட பதில் கேள்வி முடியறதுக்கு முன்னாடியே வந்துச்சு.

பொண்ணு அம்மாவைப் பார்த்தா. "பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துச்சுல்லம்மா. சொல்லேன்."

கேன்சரோன்னு பயந்தப்பகூட அழாத அந்த அம்மா அப்ப அழுதாங்க. வீட்டு வாசல்ல விழுந்து கையும் காலும் வெட்டியிருக்கு. யாரோ கையில சாவிக்கொத்தைத் திணிச்சிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல சரியாப்போச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை. "நாளைக்கு வரன் பார்க்கணுமே டாக்டர், ஊருக்குத் தெரிஞ்சா..." அஞ்சு வருஷமா அந்த வீட்டுல அதைப் பத்தி யாரும் பேசினதே இல்லையாம். அந்தப் பொண்ணு மட்டும் தனக்கு என்ன வியாதின்னு தெரியாமலே, ஸ்விம்மிங் கத்துக்காம, வண்டி ஓட்டாம, காலேஜ் டூர் போகாம இருந்திருக்கா.

சி.டி. ஸ்கேன்ல மூளையில ஒரே ஒரு சின்னச் சுண்ணாம்புப் புள்ளி. எப்பவோ செத்துக் காய்ஞ்சுபோன பழைய பை. உயிரோட எதுவும் இல்லை, கண்ணும் சுத்தம். நியூராலஜி டாக்டர் அம்மாவையும் பொண்ணையும் உட்காரவெச்சு முக்கால் மணி நேரம் பேசினார். கைக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஸ்கூல்ல வரிசையில நின்னு வாங்கினீங்களே, அதே அல்பெண்டசோல்தான். அங்கே ஒரு வேளை, இங்கே நாள்கணக்குல. (நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க, காரணம் மேலேயே சொல்லிட்டேன்.)

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கே இது நடந்திருக்கு. 1930-கள்ல இந்தியாவுல வேலை பார்த்துட்டு இங்கிலாந்து திரும்பின சிப்பாய்கள் பலருக்குத் திடீர்னு வலிப்பு. பரம்பரையில கிடையாது, தலையில அடிபடலை. சிலரை 'நடிக்கறான்', 'மனநோய்'னுகூட ஒதுக்கியிருக்காங்க. மெக்ஆர்தர்ங்கற ராணுவ டாக்டர்தான் அவங்களோட தோலையும் தசையையும் தடவிப் பார்த்து குட்டிக் குட்டி முடிச்சுகளைக் கண்டுபிடிச்சார். எக்ஸ்-ரே எடுத்தா தொடை முழுக்க அரிசியை இறைச்ச மாதிரி வெள்ளைக் கோடுகள். சுண்ணாம்பு படிஞ்ச பைகள்! எங்க பாடப் புஸ்தகத்துல இன்னிக்கும் அதுக்கு 'அரிசி மணி'ன்னுதான் பேர். 1961-ல வெளிவந்த ஒரு அறிக்கையில அப்படி 450 நோயாளிகளோட கதை இருக்கு. பெரும்பாலானவங்க இந்தியாவுல இருந்து போன சிப்பாய்கள். மூளைக்குள்ள எட்டிப் பார்க்க ஸ்கேன் இல்லாத காலத்துல, தொடைத் தசைதான் அவங்களுக்காகச் சாட்சி சொல்லியிருக்கு.

காலேஜ் டூர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2012 ஜனவரியில மலேசியாவுல ஒரு காலேஜ் மாணவர்களும் ஆசிரியர்களுமா 92 பேர் பங்கோர் தீவுக்குக் கிளம்பினாங்க. கடல், மணல், ஆட்டம் பாட்டம் எல்லாம் முடிஞ்சு திரும்பினதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரா காய்ச்சல், கடுமையான தசை வலின்னு படுக்க ஆரம்பிச்சாங்க. சிலருக்கு முகமே வீங்கிப்போச்சு. கணக்கெடுத்தா 92-ல 89 பேர்! தசையை பயாப்சி எடுத்துப் பார்த்ததுல நாருக்குள்ள நீளநீளமா சின்ன உறைகள். சார்கோசிஸ்டிஸ்ங்கற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1843-லயே ஸ்விட்சர்லாந்துல மீஷர்ங்கறவர் எலியோட தசையில பார்த்த சமாசாரம்தான். ஆனா இங்கே இருந்த இனம் பாம்போட சம்பந்தப்பட்டதுன்னு மரபணுச் சோதனை சொல்லுச்சு. பாம்போட எச்சம் கலந்த தண்ணியோ சாப்பாடோ காரணமா இருக்கலாம்னு சந்தேகம். அதே சமயத்துல, 2011-லயும் 2012-லயும், மலேசியாவுலயே இருக்கற தியோமன் தீவுக்குப் போய்ட்டு ஊர் திரும்பின வெளிநாட்டுப் பயணிகள் 68 பேரும் இதே மாதிரி படுத்திருக்காங்க. முதல்ல காய்ச்சல் வந்து, தானா விட்டு, 'அப்பாடா'ன்னு இருக்கும்போது ரெண்டாவது ரவுண்டுல தசை வலி. தனித்தனியா வெவ்வேறு நாட்டு டாக்டர்கள்கிட்ட போன கேஸ்கள் இவை. எல்லாரையும் இணைச்சது "சமீபத்துல எங்கே போயிருந்தீங்க?"ங்கற ஒரே கேள்வி. அதனால டாக்டர் கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க. போன மாசம் போன டூர், அருவியில குடிச்ச தண்ணி, நண்பன் வீட்டுல தின்ன கறி எல்லாத்தையும். வெட்கப்பட இதுல ஒண்ணும் இல்லை.

கடைசியா ஒண்ணு. இதுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துற புழு. ஆஸ்திரேலியாவுல மட்டும், அதுலயும் டாஸ்மேனியா, குவீன்ஸ்லாந்து பக்கம், விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள்கிட்டதான் இதுவரைக்கும் பார்த்திருக்காங்க. 1990-களோட கடைசியில கண்டுபிடிச்சவங்க குழம்பிப்போய், குழப்பம்ங்கற அர்த்தம் வர்ற மாதிரியே பேர் வெச்சுட்டாங்க. ஹேகாக்நீமா பெர்ப்ளெக்ஸம்! மத்த புழுக்கள் தசையில குஞ்சாத்தான் தூங்கும். இது தசை நாருக்குள்ளயே வளர்ந்து, அங்கேயே குட்டியும் போடுது. கை கால் மெல்ல மெல்லச் சோர்ந்து, தசை கரைஞ்சு, சாப்பாடு முழுங்கறதேகூடக் கஷ்டமாகும்.

இதுல கொடுமை என்னன்னா, பார்க்கறதுக்கு இது அச்சு அசல் பாலிமயோசைட்டிஸ் மாதிரியே இருக்கும். நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம தசையைத் தாக்கற நோய் அது. சி.பி.கே. ஏறும், தசை சோரும், பயாப்சியில அழற்சி தெரியும். அதுக்குச் சரியான மருந்து ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்துன்னு நான் சொல்ல வரலை, நிஜமான பாலிமயோசைட்டிஸுக்கு அது உயிர் காக்கற மருந்து. ஆனா உள்ளே புழு இருக்கும்போது ஸ்டீராய்டு குடுத்தா, வீட்டுக் காவல்காரனைக் கட்டிப்போட்டுட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கணக்கு. அந்த ஆஸ்திரேலிய நோயாளிகள்ல பலருக்கு அப்படித்தான் நடந்துச்சு. மருந்து குடுக்கக் குடுக்க மோசமானாங்க. மறுபடி பயாப்சி எடுத்து, பொறுமையா பார்த்தப்பத்தான் நாருக்குள்ள புழு தெரிஞ்சுது. அப்புறம் வாரக்கணக்குல அல்பெண்டசோல். சிலர் தேறினாங்க, போன பலம் முழுசாத் திரும்பாதவங்களும் உண்டு.

எங்க புரொஃபசருக்கு இந்த விஷயத்துல ஒரு பிடிவாதம் உண்டு. தசை பயாப்சியில 'பாலிமயோசைட்டிஸ்'னு எழுதணும்னா, கூடவே ஈஸ்னோஃபில் ஒண்ணு ரெண்டு எட்டிப் பார்த்தாலும், இன்னும் ஆழமாச் சீவச் சொல்லுவார். டெக்னீஷியன் அண்ணன் முணுமுணுப்பார். "மேடம், ஆஸ்திரேலியாவுல இருக்கற புழுவை இங்கே தேடி என் பிளேடைத் தேய்க்கறீங்க." எனக்கும் முதல் வருஷம் அது கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு.

போன வாரம்கூட அப்படி ஒரு பயாப்சி வந்தது. நாற்பது வயசு பஸ் கண்டக்டர். படிக்கட்டு ஏற முடியலை, கையைத் தூக்கி டிக்கெட் கிழிக்க முடியலை. கூடுதலா பன்னிரண்டு செக்‌ஷன் வெட்டினோம். நானும் புரொஃபசரும் மாத்தி மாத்தி ரெண்டு மணி நேரம் பார்த்தோம். புழு இல்லை, பை இல்லை, சுண்ணாம்பு இல்லை. நிஜமாவே பாலிமயோசைட்டிஸ்தான். மூணரை மணிக்கு ரிப்போர்ட்ல கையெழுத்து ஆச்சு. சாயங்காலம் வார்டுல அவருக்கு முதல் டோஸ் ஸ்டீராய்டு போட்டாங்க.